நோயின் வரையறை மாறினால் நோயாளர் கணக்கு என்னவாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்து மாதாந்த அறிக்கை, தோட்ட டிஸ்பென்சரிப் பதிவேடு, பத்திரிகைச் செய்தி என்று நோயாளர் எண்ணிக்கையோடு மல்லுக்கட்டுபவர்களுக்காக இந்தப் பக்கம். உதாரணங்கள் பெரும்பாலும் இலங்கையின் மலையகத்தை வைத்து எழுதப்பட்டவை. கற்பனைக் கணக்கு வரும் இடங்களில் அது கற்பனை என்றே சொல்லியிருக்கிறோம். இங்கே பேசுவது எண்ணுவதைப் பற்றி மட்டும். சிகிச்சைக்கு உங்கள் வைத்தியர் சொல்வதே சொல்.

நோய் அப்படியேதானே இருக்கிறது? விதி மாறினால் மட்டும் எண்ணிக்கை எப்படி மாறும்?

சீனி வருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 வரை, வெறும் வயிற்றில் பார்க்கும்போது குளுக்கோஸ் டெசிலீற்றருக்கு 140 மில்லிகிராம் இருந்தால்தான் நீரிழிவு. அந்த வருடம் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் எல்லையை 126க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனமும் 1999இல் அதையே ஏற்றது. 132 உள்ள ஒருவர் அதுவரை நோயாளி இல்லை, அதற்குப் பிறகு நோயாளி. அவர் உடம்பில் சீனி கொஞ்சமும் கூடவில்லை.

குளுக்கோஸ், பிரஷர், ஹீமோகுளோபின், பிறப்பு எடை எதுவுமே "இதுவரை நலம், இதற்குமேல் நோய்" என்று கோடு போட்டுக்கொண்டு வருவதில்லை. கோட்டை நாம்தான் போடுகிறோம். ஆட்கள் ஐதாக இருக்கும் ஓரத்தில் அந்தக் கோடு விழுந்தால், கொஞ்சம் நகர்த்தினாலும் ஒன்றிரண்டு பேர்தான் பக்கம் மாறுவார்கள். ஆட்கள் நெருக்கமாக இருக்கும் நடுப்பகுதிக்குக் கோடு வந்துவிட்டால், சின்ன நகர்வே நூற்றுக்கணக்கானவர்களை நோயாளிகளாக்கிவிடும்.

அளவிடும் பொருளை மாற்றுவதும் வரையறை மாற்றம்தான். 2010இல் அமெரிக்கச் சங்கமும் 2011இல் உலக சுகாதார நிறுவனமும் எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதத்தை நீரிழிவுக்கான இன்னொரு அடையாளமாகச் சேர்த்தன. இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் இரத்தச்சோகை இந்த அளவைப் பொய்யாகக் கொஞ்சம் உயர்த்திக் காட்டக்கூடியது. இரத்தச்சோகை அதிகமுள்ள ஒரு தோட்டத்தில் எச்.பி.ஏ.1.சி.யை மட்டும் வைத்து எண்ணினால் ஒரு தொகை வரும். வெறும் வயிற்றுக் குளுக்கோஸை வைத்து எண்ணினால் வேறொன்று வரும்.

எண்ணிக்கை திடீரென்று கூடினால் வரையறைதான் காரணமா?

அப்படி முடிவுகட்டிவிட முடியாது. நோயே கூடியிருக்கலாம். புதிதாகத் தேடிப்போய்ப் பரிசோதித்திருக்கலாம். மெஷின் மாறியிருக்கலாம். வரைபடத்தின் வடிவம் ஓரளவு காட்டிக்கொடுக்கும். வரையறை மாறினால் கோடு ஒரே மாதத்தில் படி ஏறியதுபோல் ஏறி, பிறகு அதே உயரத்தில் ஓடும். தேடுதல் கூடினால் முதலில் உயர்ந்து, இதுவரை அகப்படாதவர்கள் அகப்பட்டு முடிந்ததும் தணியும். மெஷின் கோளாறு என்றால் ஒரு கிளினிக்கில் மட்டும் தெரியும். நோய் உண்மையில் பரவினால் பக்கத்து டிவிஷன்களிலும் படிப்படியாகத் தெரியும்.

ஆனால் இவை தனித்தனியே வருவது அபூர்வம். புதிய சுற்றுநிருபம் வரும், அதற்கொரு பயிற்சி வரும், பயிற்சியோடு புதிய மெஷினும் வந்து சேரும்.

நுவரெலியாவில் இருப்பவருக்கும் கொழும்பில் இருப்பவருக்கும் இரத்தச்சோகைக்கு ஒரே எல்லைதானா?

இல்லை. வரையறை மாற்றம் மலையகத்தை நேரடியாகத் தொடும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

உயரம் கூடக் கூடக் காற்றில் ஒட்சிசனின் அழுத்தம் குறையும். அதை ஈடுகட்ட உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். கடற்கரையில் லீற்றருக்கு 115 கிராம் போதுமான ஒருவருக்கு மலையில் அதே 115 போதாமல் இருக்கலாம். அதனால் உயரமான இடங்களில் எல்லையை உயர்த்த வேண்டும். அல்லது அளந்த எண்ணிலிருந்து கொஞ்சம் கழிக்க வேண்டும். எப்படிச் செய்தாலும் விடை ஒன்றே.

உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அட்டவணை 1000 மீற்றருக்குக் கீழே எதையும் கழிக்கவில்லை. 1000 மீற்றரில் லீற்றருக்கு 2 கிராம், 1500இல் 5 கிராம், 2000இல் 8 கிராம் என்று கழித்தது. 2024இல் வந்த புதிய வழிகாட்டி 500 மீற்றரிலிருந்தே கழிக்கத் தொடங்குகிறது: 500 முதல் 999 வரை 4 கிராம், 1000 முதல் 1499 வரை 8, 1500 முதல் 1999 வரை 11, 2000 முதல் 2499 வரை 14. பதுளை சுமார் 680 மீற்றர், ஹட்டன் சுமார் 1270, நுவரெலியா 1868. மூன்றும் மூன்று படிகளில் விழுகின்றன.

அதே வழிகாட்டி அடிப்படை எல்லைகளையும் தொட்டது. கர்ப்பிணிகளுக்கு முன்பு எந்த மாதமானாலும் 110. இப்போது முதல் மூன்று மாதத்துக்கும் கடைசி மூன்று மாதத்துக்கும் 110, நடு மூன்று மாதத்துக்கு 105. 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு 110 இருந்தது 105 ஆனது. 24 முதல் 59 மாதப் பிள்ளைகளுக்கு 110 அப்படியே நிற்கிறது. கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு 120, ஆண்களுக்கு 130.

ஆய்வுகூட ரிப்போர்ட்டில் பெரும்பாலும் டெசிலீற்றர் கணக்கில்தான் வரும்: 11.0 என்றால் இங்கே 110. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதிவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இதனால் எங்கள் எண்ணிக்கை கூடுமா, குறையுமா?

எங்கே இருக்கிறீர்கள், யாரை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 1000 கர்ப்பிணிகள், ஹீமோகுளோபின் சராசரி 122, நியம விலகல் (சராசரியைச் சுற்றி எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 12, பரம்பல் மணி வடிவம்.

எல்லோரும் நுவரெலியாவில், கடைசி மூன்று மாதத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தையே பாராமல் 110ஐ எல்லையாக வைத்தால் சுமார் 160 பேருக்கு இரத்தச்சோகை. பழைய திருத்தப்படி எல்லை 115. சுமார் 280 பேர். புதிய திருத்தப்படி எல்லை 121; சுமார் 467 பேர். இரத்தம் அதே இரத்தம்.

அதே 1000 பேரும் நடு மூன்று மாதத்தில் இருந்தால்? பழைய எல்லை 115, புதிய எல்லை 105உடன் 11 சேர்த்து 116. எண்ணிக்கை 280இலிருந்து 309. வித்தியாசம் கொஞ்சம்தான்.

இவர்களைப் பதுளைக்கு இறக்கிப் பாருங்கள். நடு மூன்று மாதத்தில் பழைய எல்லை 110, புதியது 105உடன் 4 சேர்த்து 109. எண்ணிக்கை 160இலிருந்து 140க்கு இறங்குகிறது. (உயரம் குறைந்தால் சராசரியும் கொஞ்சம் இறங்கும். கணக்கு விளங்குவதற்காக அதை மாற்றாமல் விட்டிருக்கிறோம்.)

ஒரே வழிகாட்டி, மலையகத்துக்குள்ளேயே ஓரிடத்தில் எண்ணிக்கையை ஏற்றும், இன்னோரிடத்தில் இறக்கும். ஆகவே "புதிய வரையறையால் 20 சதவீதம் கூடும்" என்று முழு மலையகத்துக்கும் ஒரே எண்ணைச் சொல்பவரை நம்பாதீர்கள். உயரப்படி வாரியாகவும் கர்ப்ப மாத வாரியாகவும் பிரித்துத்தான் பேச வேண்டும். உங்கள் கிளினிக்கில் எந்த எல்லை நடைமுறையில் இருக்கிறது என்பதைச் சுற்றுநிருபத்தில் பார்த்து, அதை அறிக்கையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

எந்த உயரத்தை எடுப்பது? வீட்டையா, கிளினிக்கையா?

அவர் குடியிருக்கும் இடத்தை. இரத்தம் எடுத்த இடம் கணக்கில் சேராது. ஒரே தோட்டத்தின் மேல் டிவிஷன் 1500 மீற்றருக்கு மேலேயும் கீழ் டிவிஷன் அதற்குக் கீழேயும் இருப்பது மலையகத்தில் புதினமில்லை. அந்தக் கோட்டின் இரு பக்கமும் திருத்தம் 8உம் 11உம்.

நிலஅளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் லயத்துக்குப் பக்கத்தில் ஓடும் சமவுயரக் கோட்டைப் பார்ப்பது நல்லது. கைத்தொலைபேசி காட்டும் உயரம், காம்பராவுக்குள் நின்று பார்த்தால் பல மீற்றர் தவறலாம். வெட்டவெளியில் நின்று பார்த்தால் பரவாயில்லை. ஒவ்வொரு லயத்துக்கும் ஒருமுறை பார்த்து எழுதி வைத்தால் போதும், மலை நகரப்போவதில்லை.

கொழும்பில் கார்மென்ட்ஸில் வேலை செய்துவிட்டுப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு இந்தக் கணக்கு உடனே பொருந்தாது. உடம்பு உயரத்துக்குப் பழகி ஹீமோகுளோபின் கூடுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். வந்த திகதியைப் பதிந்து, அப்படிப்பட்டவர்களைத் தனியே எண்ணுங்கள்.

விரல் நுனியில் எடுக்கும் இரத்தம் போதாதா?

வரையறையில் 3 கிராம், 5 கிராம் என்று தராசில் நிறுக்கும்போது, அளவிடும் பிழையும் அதே அளவு இருந்தால் எண்ணிக்கை எதைக் காட்டுகிறது என்றே தெரியாமல் போய்விடும். நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தைத் தானியங்கி மெஷினில் பார்ப்பதையே 2024 வழிகாட்டி முதன்மையாகச் சொல்கிறது.

விரல் நுனிதான் வழி என்றால், பிழை நுழையும் இடங்களைத் தெரிந்திருங்கள். நுவரெலியாக் காலைக் குளிரில் விரல் விறைத்திருக்கும், இரத்தம் வராது. வராவிட்டால் கை தானாகவே விரலைப் பிதுக்கும். பிதுக்கினால் இழையத் திரவம் கலந்து இரத்தம் நீர்த்துப்போகும், எண் குறையும், இல்லாத இரத்தச்சோகை பதிவாகும். கொழுந்தெடுக்கும் கைகளில் விரல் நுனித்தோல் தடித்திருக்கும் என்பதால் ஊசி ஆழமாக இறங்காமல் பிதுக்கும் தேவை இன்னும் கூடும். முதலில் கையை இளஞ்சூட்டு நீரில் வைத்துச் சூடாக்குங்கள். மோதிர விரலின் அல்லது நடுவிரலின் பக்கவாட்டில் ஒரே குத்தாகக் குத்துங்கள். ஸ்பிரிட் காய்ந்த பிறகே குத்த வேண்டும். முதல் துளியைத் துடைத்துவிட்டு, தானாக ஊறிவரும் பெரிய துளியில் குவெற்றை (இரத்தத்தை ஏந்தி மெஷினில் வைக்கும் சிறு பிளாஸ்டிக் கூடு) ஒரே மூச்சில் நிரப்புங்கள். உள்ளே காற்றுக் குமிழி தெரிந்தால் எறிந்துவிட்டு வேறொன்று எடுங்கள். பாதி நிரம்பியதை மேலும் நிரப்பப் பார்க்காதீர்கள்.

ஈரப்பதன் குவெற்றைக் கெடுக்கும். மூடியைத் திறந்தே வைத்த டப்பா, மழைக்கால மஸ்கெலியாவில் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டப்பாவைத் திறந்த திகதியை அதன் மேலேயே எழுதுங்கள்.

அமெரிக்காவில் பாதிப் பேருக்குப் பிரஷர் என்கிறார்களே, உண்மையா?

2017இல் அமெரிக்க இருதய அமைப்புகள் எல்லையை 140/90இலிருந்து 130/80க்கு இறக்கின. அந்நாட்டு வயதுவந்தோரில் பிரஷர் உள்ளவர்கள் சுமார் 32 சதவீதத்திலிருந்து சுமார் 46 சதவீதமானார்கள். அதே விதிப்படி மாத்திரை தேவைப்படுபவர்களோ ஏறக்குறைய 2 சதவீதப் புள்ளிதான் கூடினார்கள். மற்றவர்களுக்கு உப்பு, உடற்பயிற்சி, உடல் எடை பற்றிய ஆலோசனை. பெயர் சூட்டும் எல்லையும் மருந்து தொடங்கும் எல்லையும் வேறு வேறு என்பதைத் தலைப்புச் செய்திகள் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டியில் பொதுவாக மருந்து தொடங்கும் எல்லை 140/90தான்.

இங்கே அதைவிடப் பெரிய ஓட்டை, எத்தனை முறை பார்த்தோம் என்பது. ஒரே நாளில் ஒரே தடவை பார்த்துவிட்டு "உயர் பிரஷர்" என்று எண்ணினால் தொகை ஊதிப்போகும். ரோட்டிலிருந்து படியேறி மூச்சு வாங்க வந்தவரை 5 நிமிடம் உட்காரவைத்து, முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, இரண்டு முறை பாருங்கள். வேறொரு நாளும் பார்த்த பிறகே நோயாளியாக எண்ணுங்கள். ஒருநாள் முகாமில் கிடைத்த எண்ணை வருடாந்தக் கிளினிக் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

கர்ப்பகால நீரிழிவுக்கும் இதே கதைதானா?

அங்கே விஷயம் இன்னும் சிக்கல், ஆட்களே மாறிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வரையறையில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணித்தியாலத்தில் 140 அல்லது அதற்கு மேல், அல்லது வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல். 2013 வரையறையில் வெறும் வயிற்றில் 92, 1 மணித்தியாலத்தில் 180, 2 மணித்தியாலத்தில் 153; இதில் எது ஒன்று எட்டினாலும் போதும்.

வெறும் வயிற்றில் 95, 2 மணித்தியாலத்தில் 130 உள்ள பெண் புதிய கணக்கில் மட்டும் வருவார். வெறும் வயிற்றில் 85, 1 மணித்தியாலத்தில் 170, 2 மணித்தியாலத்தில் 145 உள்ளவர் பழையதில் மட்டும் இருப்பார். இரண்டு வருடமும் 40 பேர் என்று வந்தாலும் அது ஒரே வகையான 40 பேர் அல்ல. இப்படிப்பட்ட இடத்தில் "புதியது பழையதைப்போல் இத்தனை மடங்கு" என்று பெருக்கிச் சரிக்கட்ட முடியாது. மூன்று எண்களும் பதிவேட்டில் இருந்தால்தான் மீண்டும் எண்ணலாம்.

டெங்கு எண்ணிக்கையில் "சந்தேகத்துக்குரியவர்" என்றால் யார்?

டெங்கு என்று வைத்தியர் சந்தேகித்து அறிவித்தவர். ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல் சந்தேகித்த உடனே 544 படிவத்தில் எம்.ஓ.எச்.க்கு அறிவிப்பதுதான் நம் நாட்டு முறை. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்குப் போய் விசாரித்து 411 படிவத்தில் பதிவார். 2017இல் இலங்கையில் பதிவான 186,101 என்ற பெரிய எண்ணும் சந்தேகத்துக்குரியவர்களின் எண்ணிக்கைதான். இதில் குறை காண ஒன்றுமில்லை: நுளம்பை ஒழிக்க இரத்த ரிப்போர்ட் வரும்வரை உட்கார்ந்திருக்க முடியாது. உறுதியானவர்களை மட்டும் எண்ணிய வேறொரு நாட்டின் தொகையோடு இதை ஒப்பிடும்போதுதான் தவறு நடக்கிறது.

வரையறையால் ஓர் எண் ஒரே நாளில் எவ்வளவு தாவும் என்பதற்குச் சீனாவின் ஹூபே மாகாணம் கண்கண்ட சாட்சி. 2020 பெப்ரவரி 12ஆம் திகதிக்கு அங்கே அறிவித்த புதிய கொவிட் நோயாளர் 14,840. அவர்களில் 13,332 பேர் ஆய்வுகூட உறுதியில்லாமல் நோய்க்குறிகளையும் நெஞ்சு ஸ்கேனையும் கொண்டு அன்று சேர்க்கப்பட்டவர்கள். பெப்ரவரி 20 வரை சீனாவில் பதிவானவர்கள் சுமார் 55,500. இப்படி நோய்க்குறியையும் ஸ்கேனையும் ஏற்ற ஐந்தாம் பதிப்பு வரையறை ஆரம்பத்திலிருந்தே இருந்து, போதிய பரிசோதனை வசதியும் இருந்திருந்தால் அது சுமார் 232,000 ஆகியிருக்கும் என்று ஹொங்கொங் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

தளர்வான வரையறை நல்லதா, இறுக்கமானதா?

எதற்கு எண்ணுகிறீர்கள்? காய்ச்சலோடு 1000 பேர் வருகிறார்கள். உண்மையில் டெங்கு உள்ளவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். தளர்வான வரையறை நோயுள்ளவர்களில் 95 சதவீதத்தைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 60 சதவீதத்தைச் சரியாக விடுகிறது. கிடைக்கும் எண்ணிக்கை 95உம் 360உம் சேர்த்து 455. இறுக்கமான வரையறை 60 சதவீதத்தைப் பிடித்து 97 சதவீதத்தைச் சரியாக விடுகிறது. எண்ணிக்கை 60உம் 27உம் சேர்த்து 87.

87 என்பது உண்மையான 100க்குக் கிட்ட நிற்கிறது. ஆனால் நோயுள்ள 40 பேரை விட்டுவிட்டு, நோயில்லாத 27 பேரை இட்டு நிரப்பியதால்தான் அப்படி நிற்கிறது. தொகை சரியாகத் தெரிவதால் ஆட்களும் சரி என்று ஆகாது.

பிடிக்கும் வீதமும் விடும் வீதமும் தெரிந்தால் திருத்தலாம். கண்ட வீதத்தோடு (1000இல் 455 என்றால் 0.455) "சரியாக விடும் வீதத்தை"க் கூட்டி 1ஐக் கழியுங்கள். இரண்டு வீதங்களையும் கூட்டி 1ஐக் கழித்து வரும் எண்ணால் அதை வகுங்கள். தளர்வானதற்கு 0.055ஐ 0.55ஆல், இறுக்கமானதற்கு 0.057ஐ 0.57ஆல் வகுக்க வேண்டும்; இரண்டுக்கும் விடை 0.10, அதாவது 1000இல் 100. விடை எதிர்க்கணியமாக வந்தால், நீங்கள் எடுத்த வீதங்கள் உங்கள் இடத்துக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். எலிக்காய்ச்சலும் சேர்ந்து பரவும் மாதத்தில் டெங்கு வரையறையின் "விடும் வீதம்" இறங்கிவிடும். வேறு பருவத்தில் எடுத்த எண்ணை அங்கே போட்டால் பிழைக்கும்.

பிறப்பு எடையில் வரையறை மாற்றமா? 2500 கிராம்தானே எப்போதும்?

1976 வரை "2500 கிராம் அல்லது அதற்குக் குறைவு". பிறகு "2500க்குக் குறைவு", அதாவது 2499 வரை. ஒரு கிராம்தானே என்று தோன்றும். ஆனால் தராசு பார்ப்பவர்கள் எண்ணை 2500 என்று முழுமையாக்கும் பழக்கம் எங்கும் உண்டு. கற்பனைக்கு: 400 பிறப்பில் 60 பிள்ளைகள் 2500க்குக் கீழே, 22 பிள்ளைகள் சரியாக 2500. ஒரு வரையறையில் 15 சதவீதம், மற்றதில் 20.5. உங்கள் பதிவேட்டில் 2490, 2510 எண்களைவிட 2500 பல மடங்கு இருந்தால் வரையறையைத் திட்டாமல் தராசைப் பாருங்கள்.

பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவு எண்ணிக்கை?

அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துச் செய்த பழைய அளவுகோலுக்குப் பதிலாக உலக சுகாதார நிறுவனம் 2006இல் பல நாட்டுப் பிள்ளைகளைக் கொண்டு புதிய அளவுகோலை வெளியிட்டது. அதனால் உயரக்குறைவு எண்ணிக்கை கூடியது. எடைக்குறைவு முதல் 6 மாதத்தில் கூடி, அதற்குப் பிந்திய வயதில் குறைந்தது. 2009இல் கடும் போசாக்கின்மைக்கான மேல்கைச் சுற்றளவு 110 மில்லிமீற்றரிலிருந்து 115 ஆனது.

2016 தேசியக் கணிப்பில் ஐந்து வயதுக்குட்பட்டோரின் உயரக்குறைவு நாட்டில் சுமார் 17 சதவீதம், தோட்டத்துறையில் சுமார் 32. இந்த இடைவெளியை வரையறை உண்டாக்கவில்லை. இரண்டும் ஒரே அளவுகோலில், ஒரே வருடம் அளந்தவை. வரையறையைக் காரணம் காட்டி இதை ஒதுக்கித் தள்ளப் பார்ப்பவர்களுக்கு இடங்கொடுக்காதீர்கள்.

பிள்ளைக்காம்பராவில் அளக்கும்போது 2 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைப் படுக்கவைத்தும் மேற்பட்டவரை நிறுத்தியும் அளக்க வேண்டும். 20 மாதப் பிள்ளையை நிறுத்தி அளந்துவிட்டால் 0.7 சென்ரிமீற்றர் கூட்டுங்கள். கூட்ட மறந்தால் சில பிள்ளைகள் காரணமில்லாமல் உயரக்குறைவில் விழுவார்கள்.

சிறுநீரக நோய்?

நாட்பட்ட நோய் என்று சொல்ல, குறைபாடு 3 மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையை வைத்து எண்ணும் கணிப்பு எப்போதும் கூடுதலாகவே காட்டும். நாள் முழுக்க வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காதவருக்கும் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) அன்று ஏறியிருக்கும்.

வரையறை விரிந்தால் மரண வீதம் குறைவது ஏன்?

இலேசான நோயாளிகள் கணக்குக்குள் வருவதால். 100 பேரில் 5 மரணம் என்றால் 5 சதவீதம். வரையறையை விரித்து 250 பேராக்கினால் மரணம் 6 ஆகலாம், வீதம் 2.4. யாரும் காப்பாற்றப்படவில்லை, கீழ் எண்தான் பெருத்தது. ஆகவே மரணங்களின் தனி எண்ணிக்கையையும் பக்கத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய வருடங்களோடு எப்படி ஒப்பிடுவது?

முதலில் திகதி. சுற்றுநிருபத்தில் உள்ள திகதியும் உங்கள் கிளினிக் அதைக் கையாளத் தொடங்கிய திகதியும் ஒன்றாக இருப்பது அரிது. பதிவேட்டில் எல்லை எண் எந்தப் பக்கத்திலிருந்து மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

மூல அளவுகள் இருந்தால் வேலை சுலபம்: எல்லா வருடத்தையும் இரண்டு வரையறையிலும் எண்ணி இரண்டு கோடுகள் வரையுங்கள். மூல அளவுகள் இல்லாவிட்டால் சில மாதங்களுக்கு ஒவ்வொருவரையும் இரண்டு வரையறையிலும் பதியுங்கள். பழையதில் 84, புதியதில் அந்த 84உம் அடங்கலாக 126 வந்தால் விகிதம் 1.5. ஆனால் இவ்வளவு சின்னத் தொகையில் உண்மையான விகிதம் ஏறக்குறைய 1.3 முதல் 1.7 வரை எங்கும் இருக்கலாம். அந்த வீச்சையும் சேர்த்தே எழுதுங்கள். ஹட்டனில் எடுத்த விகிதத்தை நுவரெலியாவுக்குப் போடாதீர்கள். காரணம் மேலே உயரக் கணக்கில் இருக்கிறது.

இரண்டும் முடியாவிட்டால் வரைபடத்தில் கோட்டை அந்த மாதத்தோடு வெட்டி, இடைவெளி விட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். சேர்த்து வரைந்து அடிக்குறிப்பு போடுவது போதாது. படத்தைப் பிரதி எடுப்பவர்கள் அடிக்குறிப்பை எடுப்பதில்லை.

பதிவேட்டில் என்ன எழுத வேண்டும்?

"இரத்தச்சோகை: ஆம்" என்று மட்டும் எழுதிய பதிவேடு அடுத்த வரையறை மாற்றத்தோடு செத்துப்போகும். எண்ணை எழுதுங்கள்: 112, அலகு, எடுத்த திகதி, கர்ப்ப வாரம், நாளமா விரலா, எந்த மெஷின், லயத்தின் உயரம், எந்த வருட வரையறை. திருத்தம் செய்த எண்ணை மட்டும் எழுதிவிட்டு அளந்த எண்ணை விடாதீர்கள். அப்படி விட்டால் பின்னால் வருபவர் இரண்டாவது முறையும் 11ஐக் கழித்துவிடுவார்.

எண்ணிக்கை இரண்டு மடங்கானால் இரும்புச்சத்து மாத்திரையும் இரண்டு மடங்கு கேட்க வேண்டுமா?

அவசியமில்லை. புதிதாகச் சேர்பவர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு ஒட்டியே இருப்பவர்கள். கர்ப்பிணிகளுக்கு எப்படியும் தடுப்பு அளவில் மாத்திரை கொடுக்கப்படுகிறது. கூடப்போவது சிகிச்சை அளவுக்கு மாறுபவர்களின் தேவையும் மீள்பரிசோதனைச் செலவும். மாத்திரையைவிடக் குவெற்றும் ஆய்வுகூட நேரமும்தான் முதலில் தட்டுப்பாடாகும். கொள்வனவுக் கோரிக்கையில் புதிய எண்ணிக்கையை மட்டும் போடாமல், சிகிச்சை அளவு தேவைப்படுபவர் எத்தனை பேர் என்று தனி வரியில் போடுங்கள்.

ஒரே மாதத்துக்கு இரண்டு அலுவலகங்கள் இரண்டு எண்கள் தருகின்றன. எதை எடுப்பது?

பெரும்பாலும் இரண்டும் சரியாகவே இருக்கும். ஆஸ்பத்திரி, வந்தவர்களை எண்ணுகிறது, எம்.ஓ.எச். அலுவலகம் தன் பிரதேசத்தில் குடியிருப்பவர்களை எண்ணுகிறது. பண்டாரவளையில் படுத்தவர் அப்புத்தளைக்காரராக இருக்கலாம். ஒன்று அறிவித்த திகதிப்படி, மற்றது நோய் தொடங்கிய திகதிப்படி. ஒன்றில் விசாரணைக்குப் பிறகு நீக்கப்பட்டவர்கள் இன்னும் இருக்கலாம். இரண்டு அலுவலகத்துக்கும் போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: யாரை, எந்தத் திகதியால், எந்த வரையறையில் எண்ணினீர்கள்? பதில் கிடைத்த பிறகு உங்கள் தேவைக்குப் பொருந்துவதை எடுத்து, எடுத்தது எது என்று அட்டவணையின் மேலேயே எழுதுங்கள்.